இருநூற்று அறுபத்திரண்டு

படத்துக்குக் கீழே என்ன போடட்டும் என்று இறுதிச்சடங்கு நிலையத்துப் பெண் கேட்டாள். திரையில் மார்னிக்ஸ், தன் சைக்கிள் கிளப்பின் மஞ்சள் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் நினைவு அட்டைக்காகப் போன கோடையில் எடுத்த படத்தை அவர் மனைவி மார்லேன் தேடிக் கொண்டுவந்திருந்தாள். பைபிள் வசனம் போடலாம், நாலு வரிக் கவிதை போடலாம், எல்லாம் தயாராக இருக்கிறது என்றாள் அந்தப் பெண்.

"வசனமெல்லாம் வேண்டாம். 262 வாட்னு போடுங்க," என்றாள் மார்லேன்.

அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை. ஸ்கெல்டே ஆற்றங்கரையில் புறா வளர்த்தவனுக்குக் கல்லறையில் புறா செதுக்குவார்கள், சைக்கிள் ஓட்டியவனுக்குச் சைக்கிள். எண்ணாகப் போடவா எழுத்தாகப் போடவா என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். எண்ணாகவே இருக்கட்டும், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் என்றாள் மார்லேன்.

பக்கத்து நாற்காலியில் மகள் ஹன்னே இருந்தாள். அந்த எண்ணைத்தான் அவள் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அது அவளுடையது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவள் வீட்டில் இருந்தாள். அப்பா சீட்டாடப் போயிருந்தார். கராஜில் அவருடைய சைக்கிள் பின்சக்கரம் இல்லாமல் ரோலரில், நின்ற இடத்திலேயே மிதிக்கிற பயிற்சி இயந்திரத்தில், மாட்டியிருந்தது. எதிரே மின்விசிறி. மார்லேனின் பழைய இஸ்திரி மேசைதான் டேப்லெட் வைக்கும் மேடை. வெளியே பனியும், பீட் கிழங்கு வண்டிகள் சிந்திவிட்டுப் போன சேறும். நவம்பர் பிறந்தால் பிப்ரவரி கடைசிவரை அந்த ஊர்க் கால்களெல்லாம் கராஜில்தான் சுற்றும்.

இருக்கையை இறக்கிக்கொண்டு ஏறி, ஹன்னே பரிசோதனை ஓட்டம் ஓட்டினாள். நிமிடத்துக்கு நிமிடம் ரோலர் பாரத்தை ஏற்றிக்கொண்டே போகும். கால் நின்றுபோகிற இடத்தில் கணக்குப் போட்டு, ஒரு மணி நேரம் விடாமல் மிதிக்க உனக்கு இவ்வளவுதான் பலம் என்று வாட்டில் சொல்லிவிடும். இலையுதிர்காலத்தில் அவளுக்கு 231. அன்றைக்கு 262. ஒரே தாவலில் முப்பத்தொன்று. திரையில் ஏதோ கேட்டது, வேர்வை விரலால் ஆமாம் என்று அழுத்தினாள். மூலையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கவில்லை. மூச்சு வாங்குகிறவள் பெயரையா பார்ப்பாள்?

அன்று சாப்பாட்டு மேசையில், ஓட்டம் நன்றாகப் போனது என்று மட்டும் சொன்னாள். எவ்வளவு என்று அப்பா கேட்கட்டும் என்று காத்திருந்தாள். பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியப்போகுது என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டார். கென்ட் நகரத்து அறைக்குத் திரும்பித் தன் கணக்கைத் திறந்தபோது அந்த ஓட்டம் அங்கே இல்லை. இயந்திரம் விழுங்கிவிட்டது என்று நினைத்து அழுதாள்.

இறுதிச்சடங்கு நிலையத்திலிருந்து வீடு வந்ததும் ஹன்னே கராஜுக்குள் போனாள். அப்பாவின் காலணிகள் இரண்டும் பெடலில் பூட்டியபடியே தொங்கின. ஆம்புலன்ஸ்காரர்களுக்குக் குதிகாலைத் திருப்பிக் கழற்றத் தெரியவில்லை, காலை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். டேப்லெட்டில் மார்னிக்ஸ் பெயரில் டிசம்பர் 26, பிற்பகல் மூன்று பத்து, 262 வாட். கீழே கிளப்காரர்கள் பாராட்டி அழுத்திய கட்டைவிரல்கள் நாற்பத்தொன்று. கிழட்டுச் சிங்கமே என்று செயலாளர் நோர்பெர்ட் எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கணக்குப்படி. எண் ஏறினால் பன்னிரண்டு வாரத் திட்டம் முழுவதும் தானாக ஏறும். செவ்வாயும் வியாழனும் பத்துப் பத்து நிமிடமாக நான்கு ஓட்டம். ரோலர் தன் பாரத்தை விட்டுக்கொடுக்காது. கால் தளர்ந்தால் இன்னும் கனக்கும். மார்னிக்ஸின் உண்மையான எண் 215, வயது அறுபத்தொன்று. ஏழு நாள் பச்சைக் கோடு. எட்டாவது நாள் மூன்று ஓட்டம் பச்சை, நான்காவது பாதியில் சிவப்பு, அங்கேதான் அவர் நெஞ்சு நின்றுபோயிருந்தது. ஹன்னே கராஜ் மூலையில் இருந்த ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்தாள். அப்பாவைக் கொன்றது தான்தான் என்று நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்?

அப்போதுதான் ருடியின் செய்தி வந்தது. பெண்கள் சைக்கிள் அணி ஒன்றை நடத்துகிறவர், பக்கத்து ஊர்க்காரர், மார்னிக்ஸோடு ஒரு காலத்தில் ஓட்டியவர். ஆழ்ந்த இரங்கல் என்று இரண்டு வரி. மூன்றாவது வரியில் விஷயம். அணியில் மிச்சம் ஒரே இடம், கேட்பது இரண்டு பெண்கள், புதன்கிழமை இரவுக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். அடக்கத்துக்கு வருகிறேன், உன் குளிர்கால எண்ணை அங்கேயே சொல்லிவிடு. அவளுக்கு வயது இருபத்திமூன்று. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் பத்தொன்பது வயதுப் பெண்கள் வந்து நிற்பார்கள்.

புதன்கிழமை கோவில் நிறைந்திருந்தது. காணிக்கை நேரத்தில் வரிசையாக வந்தவர்கள் ஆளுக்கொரு அட்டை வாங்கிக்கொண்டு, படத்தைப் பார்த்து, எண்ணைப் பார்த்து, புருவத்தைத் தூக்கியபடி இருக்கைக்குத் திரும்பினார்கள். பிறகு ஊர் மண்டபத்தில் காபி, வெண்ணெய் தடவிய சிறு ரொட்டிகள், பன்றி இறைச்சி, சீஸ். அந்த 262 வரும்வரை மார்னிக்ஸுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாத கிளப்காரர்கள் அன்று வாய் ஓயவில்லை. உருளைக்கிழங்கு ஆலையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள்கூட அவரைத் தங்கமான மனிதர் ஆக்கிவிட்டார்கள்.

நோர்பெர்ட் எழுந்து கோப்பையைக் கரண்டியால் தட்டினார்.

"நம்ம வயசுல எல்லாரும் எறங்குவோம். இந்த ஆளு ஏறுனான். அவன் உச்சியில இருக்கும்போது போயிட்டான். நம்மள்ல யாருக்கு அது கிடைக்கும்?"

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். மார்லேன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்பது வருடத்தில் அவளுடைய புருஷனுக்காக ஊர் மேசையைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

அவள் காபி நிரப்ப அடுக்களைக்குப் போனபோது ஹன்னே பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, அந்த நம்பர் அப்பாவோடது இல்ல."

"தெரியும்," என்றாள் மார்லேன். காபிக் கூஜாவின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

ஹன்னே சாத்திய கதவில் சாய்ந்துகொண்டாள். மார்லேன்தான் பேசினாள், கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்கிற குரலில். ஹன்னே ஓட்டியதற்கு மறுநாள் காலையிலேயே மார்னிக்ஸ் பார்த்துவிட்டார். மூன்று மணிக்குத் தன் கையில் சீட்டு இருந்தது அவருக்குத் தெரியாதா? உன் மகள் என் பெயரில் ஓட்டிவிட்டுப் போயிருக்கிறாள் பார் என்று சிரித்தார். அழிக்கத்தான் போனார். அதற்குள் நோர்பெர்ட் போனில் கூப்பிட்டு, அடேயப்பா இருநூற்று அறுபத்திரண்டா என்று வாழ்த்தினார்.

"என்னைப் பாத்தாரு. அப்புறம் நன்றின்னு சொல்லிட்டாரு. அவ்வளவுதான்."

அதற்கப்புறம் இறங்க வழியில்லை. ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும் கிளப் முழுவதும் பார்க்கிறது. எண்ணைக் குறைத்தால் தெரிந்துவிடும், பாதியில் நிறுத்தினால் தெரிந்துவிடும். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாத மனிதர். முதல் நாள் முடித்துவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தார்.

"ரெண்டாவது நாள் என்கிட்ட வந்து, ஒரு பொட்டப்புள்ள கால் தாங்குறத என் கால் தாங்காதான்னு கேட்டாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் முடிச்சிட்டு வந்து, அவளோடது இன்னொண்ணு முடிஞ்சுதுன்னுவாரு. உன் பேரச் சொல்ல மாட்டாரு. அவளோடதுன்னுதான் சொல்வாரு."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"சொல்லக் கூடாதுன்னாரு."

"நீ தடுத்திருக்கலாம்ல, அம்மா?"

"நான் எதைத் தடுத்திருக்கேன்? உன்னை அடிக்கும்போதே தடுக்கல."

ஓட்டம் நடக்கும்போது கராஜ் கதவைத் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அவர் இறந்த வியாழக்கிழமை மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு மார்லேன் உருளைக்கிழங்கு வேகவைத்தாள், சட்டைகளைத் தேய்த்தாள். பன்னிரண்டரைக்கு உணவு ஆறுகிறதே என்றுதான் கதவைத் தட்டினாள். அதையும் அதே குரலில் சொன்னாள்.

உன் மேல் தப்பில்லை என்று அம்மா ஒரு வார்த்தை சொல்வாள் என்று ஹன்னே காத்திருந்தாள். அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். இந்த வாரம் முழுவதும் அது இல்லாமல்தான் தூக்கம் வரவில்லை.

"பேரப் பாத்துட்டு ஏறியிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?" என்றாள் மார்லேன்.

ருடி இன்றைக்குக் கேட்பார், என்னிடம் இருப்பது அந்த ஓட்டம் ஒன்றுதான், இந்த ஒரு வருடம்தான் எனக்கு மிச்சம் என்று ஹன்னே சொன்னாள். கெஞ்சிச் சொன்னாள். அவளுக்கே அவமானமாக இருந்தது. செத்தவருக்கு அந்த எண் எதற்கு என்றும் கேட்டுவிட்டாள்.

"கேட்டு வாங்கிக்கோ. நான் வேண்டாங்கல. இருநூறு அட்டை ஊருக்குள்ள போயிருக்கு, வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்கிட்டு வா. மகளோட போட்டி போட்டுச் செத்தான்னு நோர்பெர்ட் எந்திரிச்சு இன்னொருக்கா கோப்பையத் தட்டட்டும்."

மார்லேன் கூஜாவைத் தூக்கிக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளி வெளியே போனாள்.

ருடி மூலை மேசையில் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். ஹன்னேவைப் பார்த்ததும் எதிர் நாற்காலியைக் காட்டினார். இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான், ஆனால் நாளைக்குப் பட்டியல் போய்விடும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஹன்னே அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுத்த மேசையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் முதுகு.

"இருநூத்தி அறுபத்திரண்டு," என்றாள் ஹன்னே.

ருடி எழுதவில்லை.  பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அது உங்கப்பாவோடதும்மா."

"இல்ல, நான் ஓட்டினது. அவரோட டேப்லெட்ல ஓட்டிட்டேன். அம்மாவைக் கேளுங்க."

சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நோர்பெர்ட் திரும்பினார். மார்லேனும் திரும்பினாள். ஊர் முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. அவள் நிதானமாக நடந்து வந்து, கூஜாவை மேசையில் வைத்து, மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். சின்ன வயதில்கூட அவள் அப்படி அணைத்ததாக ஹன்னேவுக்கு நினைவில்லை.

"ஒரு வாரமாத் தூங்கல இவ," என்றாள் மார்லேன். "அப்பா அப்பான்னு இருக்கா. எதைச் சொன்னாலும் அவருகிட்டயே போய் முட்டிக்குது. மன்னிச்சுக்கோங்க ருடி."

பாவம் என்றார்கள் பெண்கள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நோர்பெர்ட் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அம்மாவின் கை தலையிலிருந்து எடுபடவில்லை. விரல்கள் முடிக்குள் போய் இறுகின.

"அவசரமில்ல, நிதானமா யோசிச்சுச் சொல்லு," என்றார் ருடி. "உன்னோடது எவ்வளவு?"

"இருநூத்தி முப்பத்தொண்ணு."

அதை அவர் எழுதிக்கொண்டார். எழுதும்போதே முகம் சொல்லிவிட்டது. பரவாயில்லை, காலில் பலம் இருக்கிறது, வயசும் அப்படியொன்றும் ஆகிவிடவில்லை என்று இரண்டு மூன்று வார்த்தை சொன்னார். எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"உங்கப்பாகிட்ட கொஞ்சம் கத்துக்கிட்டிருக்கலாம், ஹன்னே."

"அவ எங்க கேட்டா?" என்றாள் மார்லேன்.

ருடி போய்விட்டார். பேச்சு மறுபடி கிளம்பியது. இன்னும் ஒரு தட்டு ரொட்டி வந்தது, சீஸ் தீர்ந்துவிட்டது, இறைச்சி வைத்ததுதான் இருக்கிறது என்றார்கள். தட்டு ஹன்னேவிடம் வந்தபோது அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் தள்ளினாள்.