கோடாலியின் போன்

கோடாலியின் போன் வந்தபோது அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தகவல்களைப் பூட்டிவைக்கும் ரகசியக் குறிமுறைகளுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் நடுவே அந்தப் பேராசிரியருக்கு அதுதான் பெயர். யார் எதை உருவாக்கினாலும் வெட்டிச் சாய்த்துவிடுவார். ஆனால் மரியாதை தெரிந்த மனிதர். ஊருக்குச் சொல்லுமுன் உருவாக்கியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்.

"மேடம், உங்களுடையதை உடைச்சிட்டேன். கணக்கை அனுப்பியிருக்கேன், பாருங்க."

அவள் இளமையையெல்லாம் கொட்டி, மாய்ந்து மாய்ந்து செய்த குறிமுறை. நாட்டுக்கே பொதுவான குறிமுறையைத் தேர்ந்தெடுக்கும் போட்டியின் கடைசிச் சுற்றில் நிற்கிறது. தேறிவிட்டால் ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் இனி அதை நம்பித்தான் நடக்கும். பிழிந்த சட்டையைத் தோளில் போட்டபடியே மேஜையில் போய் உட்கார்ந்தாள்.

மதியத்துக்குள் ஓட்டை அகப்பட்டது. அவளுடையதில் அல்ல, கோடாலியின் கணக்கில்! நடுவே ஒரு படியில், பூஜ்யமாகிவிடக்கூடிய ஒன்றால் வகுத்துத் தொலைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குட்டு வாங்குகிற தப்பு. அவ்வளவு பெரிய ஆள் இதிலா சறுக்குவார்?

"கோடாலி மழுங்கிடுச்சு!" என்று கத்தினாள்.

பஸ் ஓட்டும் கணவருக்கு அன்று விடுப்பு. சமையலறையிலிருந்து தலையை நீட்டினார். "அப்பாடா! காலையிலேர்ந்து உன் முகத்தைப் பாக்கவே பயமா இருந்துச்சு. இரு, டீ போடறேன்."

அத்தோடு எழுந்திருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம், விட்டால்தானே? வகுக்காமல் சுற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று சும்மா எழுதிப் பார்த்தாள். வழி எங்கும் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. சின்ன எண்களை வைத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டினாள். யாருக்கும் தெரியக்கூடாத, அவள் குறிமுறையையே திறந்துவிடும் சாவி முழுசாகத் திரையில் வந்து நின்றது.

மறுபடியும் போன்.

"மேடம், வெட்கமா இருக்கு. என் தப்பை நானே பாத்துட்டேன். வாபஸ் வாங்கிக்கறேன். உங்களுது கெட்டி. போட்டிக் கமிட்டிகிட்டயும் நானே சொல்லிடறேன்."

'சரிங்க சார்' என்றால் போதும், முடிந்தது கதை. கோடாலிக்கே கிடைக்காதது வேறு யாருக்குக் கிடைத்துவிடப் போகிறது? ஏன் கிடைக்காது, அவளுக்கு அரை நாளில் கிடைத்ததே. நாளைக்கு எவனோ ஒருவன் பார்ப்பான். அவன் போன் பண்ணிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். சொல்லாமலே இருந்துவிட வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசையாக இருந்தது, அழுகை வருகிற அளவுக்கு ஆசை.

"சார், வெச்சிடாதீங்க. பேனா இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"அந்தப் படியில வகுக்காதீங்க. நான் சொல்றேன், எழுதிக்கங்க."

சொன்னாள். மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுபோயிற்று.

"மேடம்... என்ன சொல்றீங்கன்னு யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"அடுத்த வரி சொல்லட்டுமா சார்?"

டீயைத் திரும்பச் சூடாக்கிக் கொண்டுவந்த கணவர் டம்ளரை மேஜையில் வைத்தார். அவள் தோளிலேயே காய்ந்துபோயிருந்த சட்டையை மெல்ல எடுத்து, பக்கத்திலேயே நின்று மடிக்க ஆரம்பித்தார்.