இரண்டு விரல் லூஸ்

கிளட்ச் அமுங்கவில்லை.

முழுசாக அமுங்கவில்லை என்று சொல்வதுதான் சரி. பாதி தூரம் போனது. மீதிப் பாதிக்கு டெய்லரம்மா இருக்கையிலிருந்து வழுக்கி இறங்கி, கால் நுனியை நீட்டி, கழுத்தை ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டுபோக வேண்டியிருந்தது. அப்போது கிளட்ச் அமுங்கியது. ஆனால் எதிரே சாலை தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் பாலிஷ் போட்ட மரப்பலகையில் பதித்த வட்ட வட்ட மீட்டர்களும், ஒவ்வொரு மீட்டரின் கண்ணாடியிலும் குட்டி குட்டியாக அண்ணனின் முகமும்தான்.

"என்ன, படுத்துக்கிட்டே ஓட்டப் போறியா?" என்றார் அண்ணன்.

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டறையின் கூரையைப் பார்த்தாள்.

டெய்லரம்மா எழுந்து நேராக உட்கார்ந்தாள். முகம் சூடானது. மூன்று பக்கமும் சுவர், நான்காவது பக்கம் ஷட்டர் என்றிருந்த அந்தப் பட்டறையில் பெயிண்ட் வாசனையும் புதுத் தோல் வாசனையும் கலந்து கிடந்தன. நடுவில், அவள் உட்கார்ந்திருந்த அந்தப் பச்சை வண்டி. அறுபது வருஷத்துக்கு முன் எங்கோ பந்தயத்தில் ஓடிய ஒரு வண்டியின் அச்சு அசல் நகல். நீள மூக்கு, தவளைக் கண் போல இரண்டு விளக்கு, கம்பிச் சக்கரம், கூரை கிடையாது, ஆள் இரண்டே பேர். அலுமினியத் தகட்டைக் கையாலேயே தட்டித் தட்டி வளைத்திருந்தார் பட்டறைக்காரர். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் சுத்தியல் பட்ட இடங்கள் பெயிண்டுக்கு அடியில் லேசாக அலையடிக்கும். அது அவளுக்குப் பிடித்திருந்தது. கையால் செய்தது என்று தெரிய வேண்டும் இல்லையா?

ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். எதுக்கு? வாடிக்கைக்காரர்கள் கேட்டார்கள். வங்கியில் கேட்டார்கள். வீட்டுக்காரர் கூட ஒரு தடவை, காபி ஆறும் வரை யோசித்துவிட்டுக் கேட்டார். எல்லோருக்கும் அவள் சொன்ன பதிலும் ஒன்றே ஒன்றுதான்.

"ஓட்டறதுக்கு."

அண்ணன் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "டூப்ளிகேட்டா?"

"டூப்ளிகேட் இல்லண்ணா. அளவெடுத்துத் தச்சது."

அந்த அளவில்தான் இப்போது வம்பு வந்திருந்தது.

இந்த வகை வண்டியில் இருக்கை முன்னே பின்னே நகராது. பெடலும் நகராது. யார் ஓட்டப் போகிறார்களோ அவர்கள் உடம்புக்கு அளந்து, இரண்டையும் அடித்தளத்தோடு வெல்டிங் வைத்துவிடுவார்கள். அதனால்தான் பட்டறைக்காரர் அன்றைக்கு போனில் அளவு கேட்டபோது, இடுப்பிலிருந்து முட்டி, முட்டியிலிருந்து குதிகால், தோள், கை என்று அவளே டேப் பிடித்து அளந்து அனுப்பியிருந்தாள். ட்ரையலுக்கு வாங்க, வந்து ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க என்று அவர் மன்றாடினார். பள்ளிக்கூட யூனிபார்ம் மலைபோல் குவிந்திருந்த சமயம். "என் அளவு எனக்குத் தெரியாதா?" என்று போனை வைத்துவிட்டாள். 'ட்ரையல் பார்க்காமல் துணியை எடுத்துச் செல்ல வேண்டாம்' என்று தன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பவள் அவள்.

பட்டறைக்காரர் கீழே குனிந்து பெடலுக்கும் அவள் பாதத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். நரைத்த புருவத்தில் தகட்டுத் தூள் ஒட்டியிருந்தது.

"நீங்க கொடுத்த அளவுலேர்ந்து நூல் பிசகல, டெய்லரம்மா. ஷூ போட்டுப்பீங்கன்னு ஒரு விரல் மட்டும் நான் கூட்டினேன்."

"நீங்க கூட்டினீங்களா?"

"கூட்டித்தானே ஆகணும்? ஏன், நீங்க..."

அவர் பாதியில் நிறுத்தினார். டெய்லரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அளந்த அளவை அப்படியே எழுதும் கை இல்லை அவளுடையது. உடம்பு அளவோடு இரண்டு விரல் சேர்த்து எழுதித்தான் பழக்கம். உட்கார, குனிய, மூச்சு விட. துணிக்கு லூஸ் விடாமல் தைத்தால் மறுநாளே அக்குள் கிழிந்து திரும்பி வரும். கேட்டு எழுதுவதில்லை, கையே எழுதிவிடும்.

"நான் ரெண்டு விரல் லூஸ் விட்டுட்டேன்" என்றாள்.

"காருக்கா?"

"காருக்குத்தான்."

அண்ணனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இவ லூஸுன்னு நான் சின்ன வயசுலயே சொன்னேன். வீட்ல யாரும் கேக்கல!"

அண்ணி இப்போது வாய்விட்டே சிரித்தாள். டெய்லரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது, அண்ணன் தன் சட்டைப் பையைத் தட்டியதைப் பார்த்து.

சாவி அங்கேதான் இருந்தது. காலையில் மூவரும் உள்ளே நுழைந்தபோது பட்டறைக்காரர் சாவியை நீட்டினார்; நீட்டிய கை தானாகவே அண்ணன் பக்கம் போயிற்று. அண்ணனும் தானாகவே வாங்கிக்கொண்டார். யார் மேலும் தப்பில்லை. அப்படியே பழகிவிட்டது.

"பரவால்ல விடு. நான் ஓட்டிட்டு வந்து உன் வாசல்ல நிறுத்தறேன். நீ பக்கத்துல உக்காந்துக்கோ. அப்புறமா நிதானமா சரி பண்ணிக்கலாம்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போதெல்லாம், அவள் கிளட்ச்சை விடுவதற்குள் பக்கத்து இருக்கையிலிருந்து அவர் கை நீண்டு வந்து ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்துவிடும். பிறகு அவள் சொந்தமாக ஒரு சின்னக் கார் வாங்கினாள். ஷோரூமிலிருந்து முதன்முதலில் ஓட்டி வந்தது அண்ணன். பின் இருக்கையில் இனிப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தது அவள். வாசலில் எல்லோரும் கை தட்டினார்கள், அண்ணனுக்கு. அன்றைக்குச் சாயங்காலம் மெஷினில் உட்கார்ந்தபோது முடிவு செய்தாள். அடுத்த வண்டி ஒன்று வந்தால் அதை முதலில் உருட்டுவது தன் கால்தான்.

அடுத்த வண்டி வந்தேவிட்டது. கால்தான் எட்டவில்லை.

"பெடலை வெட்டிக் கிட்டத்துல வைக்க முடியாதா?" பட்டறைக்காரரிடம் கேட்டாள்.

"வைக்கலாம். மூணு வாரம் ஆகும். நாளைக்கு அடுத்த வண்டியோட சட்டம் வந்து எறங்குது. இந்த இடத்த காலி பண்ணியே ஆகணும். இன்னிக்கு யாராவது ஓட்டிட்டுப் போங்க, அப்புறம் கொண்டு வாங்க." கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு. முதுகு சாஞ்சு, கிளட்ச் முழுசா அமுங்கினாத்தான் நான் ஆளை வெளிய விடுவேன். வாசல்ல இருக்கிற சரிவைப் பாத்தீங்கள்ல? ஏறினதுமே மெயின் ரோடு."

பார்த்திருந்தாள். செங்குத்தான சிமெண்டுச் சரிவு. மேலே லாரிகளும் பஸ்களும் ஒன்றையொன்று முட்டித் தள்ளுவது போல ஓடிக்கொண்டிருந்தன.

அண்ணி ஓடிப்போய்த் தங்கள் காரிலிருந்து ஒரு குஷனை எடுத்து வந்தாள். முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார்கள். கிளட்ச்சை மிதித்ததும் குஷன் மீன் மாதிரி நழுவி மேலே போய்க் கழுத்தில் உட்கார்ந்தது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

டெய்லரம்மா வண்டியை விட்டு இறங்கினாள். கைப்பையைத் திறந்தாள். இஞ்ச் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"சீட் தச்சதுல மிச்சம் தோல் இருக்கா?"

பட்டறைக்காரர் அவளைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். "இருக்கு. ஃபோமும் இருக்கு. கெட்டி ஃபோம்."

"பழைய பேப்பர் ஒண்ணு கொடுங்க. கத்திரி என்கிட்டயே இருக்கு."

"கல்யாண வீட்டுக்குப் போனாலும் கத்திரியோடதான் வருவா" என்று அண்ணி பெருமையாகச் சொன்னாள், யாரிடம் என்று தெரியாமல்.

டெய்லரம்மா வேலையில் இறங்கினாள். இருக்கையின் முதுகில் செய்தித்தாளை விரித்து, ஓரங்களை விரலால் நீவி மடிப்பெடுத்தாள். இடுப்பருகே மூன்று விரல் கனம், தோளுக்குப் போகப் போக ஒன்றுமில்லாமல் தேய வேண்டும். முதுகு என்பது பலகையில்லை, அதற்கு ஒரு வளைவு உண்டு. ஃபோமை அறுத்தாள், வைத்துப் பார்த்தாள், மறுபடி சீவினாள். தோலை வெட்டும்போது கை பழக்கத்தில் வெளிப்பக்கமாக விலகியது. நிறுத்தினாள். கோட்டைப் பார்த்தாள். தையலுக்கு விடும் ஓரம் மட்டும் விட்டு, ஒரு நூல் கூட அதிகமில்லாமல் வெட்டினாள். மூலையில் இருந்த கனமான தையல் மெஷின் அவளுக்குப் பழக்கமில்லாத மெஷின். முதல் தையல் கோணியது. பிரித்தாள். நூல் அறுந்தது. கோர்த்தாள். அண்ணன் ஷட்டர் வரை போவதும் வருவதுமாக இருந்தார்.

"சாப்பாட்டு நேரமாச்சு. பேசாம நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"எடுத்துட்டுப் போகலாம்ணா. யாரு வேணாம்னா?" ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நாளைக்கு. இன்னிக்கு நான்."

அண்ணன் சாவியை விரலில் சுழற்றினார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சுழற்றுவதை நிறுத்தினார்.

பெல்ட் வருவதற்காக இருக்கையில் விட்டிருந்த துளைகளின் வழியே நான்கு வார்களை விட்டு, பின்னால் இழுத்துக் கட்டினாள். பட்டறைக்காரர் அந்தப் புது மெத்தையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள். சாய்ந்தாள். முதுகு மொத்தமும் தோலில் பதிந்தது. அவர் முழங்கால் போட்டு, தலையைக் கதவுக்குள் நுழைத்து, பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிதித்தாள். விட்டாள். மறுபடி மிதித்தாள்.

"அடி வரைக்கும் போகுது" என்றார் கீழேயிருந்து.

"சாயறேனா?"

"அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கீங்க."

அவள் அண்ணனை நோக்கி உள்ளங்கையை நீட்டினாள். அவர் சாவியை வைத்தார். உடனே விட்டுவிடவில்லை.

"மேட்டுல ஹேண்ட்பிரேக்க..."

"தெரியும்ணா."

"பாதி கிளட்ச்சுல நிறுத்தி, வண்டி மூக்கு லேசா எழும்பும், அப்பத்தான்..."

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

விட்டார். மறுபக்கம் போய் ஏறலாம் என்று அவர் சுற்றி வருவதற்குள் அண்ணி உள்ளே உட்கார்ந்து, கைப்பையை மடியில் அணைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

"நம்ம காரை யாரு கொண்டு வருவா? நீங்கதான்" என்றாள்.

என்ஜின் உறுமியபோது ஷட்டர் தகடு அதிர்ந்தது. பச்சை மூக்கு வெயிலுக்குள் மெதுவாக நுழைந்து சரிவில் ஏறியது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், சாலை விளிம்பில், நிறுத்த வேண்டியிருந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது. முதுகு மெத்தையில் அழுந்தியது. ஹேண்ட்பிரேக்கை அவளே இழுத்தாள். ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் இன்னொரு லாரி. இண்டிகேட்டர் டிக் டிக் என்று துடித்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, "போயிட்டமா?" என்றாள்.

"இன்னும் இல்ல அண்ணி."

தூரத்தில் அடுத்த பஸ்ஸுக்கும் அதற்கு முன்னால் வந்த லாரிக்கும் நடுவே ஒரு சந்து தெரிந்தது. இங்கிருந்து பார்க்க இரண்டு விரல் அகலம். அவள் இடது காலை மெல்ல, மெல்ல உயர்த்தினாள். வண்டியின் மூக்கு லேசாக எழும்பியது. கழுத்தில் மறந்துபோன இஞ்ச் டேப் காற்றில் எழுந்து படபடத்தது. கண்ணாடியில், சரிவின் அடியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் கை, ஒன்றுமே இல்லாத இடத்தில் எதையோ பிடித்து, மேலே இழுத்துக்கொண்டிருந்தது.