கிழமை சொல்லும் மேதை

பதினாறு வயதில் அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், தோழிகள் அவளை மேதையாக்கிவிட்டார்கள். ஆட்டிசம் உள்ள ஒருவர் எந்தத் தேதிக்கும் கிழமை சொல்வதை ஏதோ படத்தில் பார்த்தார்களாம்.

"நான் பொறந்தது என்ன கிழமைடி?" என்று தேதியைச் சொல்லிக் கேட்டாள் ஒருத்தி.

கணக்கில் எப்போதும் கோட்டைவிடும் அவள், கண்ணை மூடித் திறந்து, "செவ்வாய்" என்று அடித்துவிட்டாள். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். சரிபார்க்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. அன்று வகுப்பு முழுக்கக் கிழமை வழங்கினாள்.

அடுத்த கணக்குப் பரீட்சையில், வகுப்பிலேயே முதலாவதாக வரும் தோழி தன் விடைகளை அடித்துவிட்டு, இவளைப் பார்த்து எழுதினாள். இருவரும் சேர்ந்தே ஃபெயில்.

"கிழமை சொன்னதெல்லாம் விளையாட்டுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள் அந்தத் தோழி.

"யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்பிடுறது என்னோட பிரச்சினைன்னு டாக்டர் சொன்னாரு. உனக்கென்னடி கேடு?"