எல்லை தாண்டாத பன்னிரண்டாவது புதன்

பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்து, "இந்த வருசம் மன்மதன் யாரு?" என்று கேட்டதும் சுதாகரன் கையை நீட்டிவிட்டான். போன வருடம் இதே காமன் கூத்துத் திடலில் அவனைக் கிட்டவே சேர்க்கவில்லை. "உண்டியலப் பாத்துக்கங்கப்பா" என்று யாரோ சொல்ல, திடலே சிரித்தது. இந்த வருடம் கோயில் தலைவர் ஆண்டியப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கட்டு சாமி. பய தெளிஞ்சுட்டான்" என்றார்.

காப்புக் கட்டி, தப்பு மேளச் சத்தம் ஓய்ந்து, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்து தேத்தண்ணியை வாயில் வைத்தபோதுதான் சுவரில் தொங்கிய கலண்டர் கண்ணில் பட்டது. பதினொரு புதன்கிழமைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பன்னிரண்டாவது வெறுமையாக இருந்தது.

"பிரேமினி, மோசம் பண்ணிட்டேன்" என்றான் மனைவியிடம்.

ஹெரோயின் தூளோடு பிடிபட்டவனுக்கு நீதவான் ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு புதன்கிழமை ஹட்டன் ஆலோசனை நிலையத்துக்குப் போய், சிறுநீர் சோதனைக்குக் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசி, கையெழுத்து வைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் புனர்வாழ்வு முகாம். காப்புக் கட்டியவனோ, அந்தப் புதனுக்குப் பிறகு வரும் காமனை எரிக்கும் நாள் வரைக்கும் தேயிலைத் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. றொசல்லைப் பாதையில் இருக்கும் சின்னப் பாலம்தான் எல்லை. பத்து எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். ஆனால் காப்போடு தாண்டியவனை இந்தத் தோட்டம் மறுபடி மனிதனாக எண்ணாது.

"காலைல எந்திரிச்சா மொதல்ல பாக்குறதே அந்தக் கலண்டரத்தானே. எப்படிங்க மறந்தீங்க?"

"பய தெளிஞ்சுட்டான்னு சொன்னாரு பிரேமினி. அதுக்கப்புறம் எனக்கு வேற ஒண்ணும் காதுல விழல."

திங்கட்கிழமை அவள்தான் ஹட்டனுக்குப் போய் ஆலோசகர் ரஸீனாவைப் பார்த்தாள். ரஸீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சட்டத்துல காப்புக்கு எடமில்லயே தங்கச்சி" என்றாள். பிறகு மேலிடத்துக்குத் தொலைபேசி எடுத்து, சிங்களத்தில் அரை மணி நேரம் மல்லுக்கட்டினாள். நிலையத்தின் வான் வண்டி தோட்டத்துக்கே வரலாம். ஆனால் ஓர் ஆளுக்காக வராது. அங்கே ஐந்து பேராவது சிகிச்சைக்குப் பதிந்தால்தான் அதை ஒரு சிகிச்சை நாளாக ஏற்பார்கள்.

அன்று மாலை கோயில் முன்னால் ஆண்டியப்பன் கொதித்தார். "அஞ்சு பேரா? நம்ம தோட்டத்துல இருந்ததே ஒருத்தன், அவனும் தெளிஞ்சுட்டான். வானு வந்து நின்னா எவன் நம்ம பயலுகளுக்குப் பொண்ணு குடுப்பான்? வேற எவனாச்சும் இருந்தா பொலிசுல புடிச்சுக் குடுப்போம். உள்ள கெடந்தா புத்தி வந்துரும்."

சுதாகரனுக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. சொல்லப்போவது சரிதானா என்று மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு எழுந்தான். "மொத தடவ புடிபட்டப்ப மூணு மாசம் உள்ளதான் கெடந்தேன், தலைவரே. வெளிய வந்த அன்னைக்கே பஸ் ஸ்டாண்டுல தூள் வாங்குனேன். எதுக்குடா அடிக்கிறேன்னு உள்ள ஒருத்தரும் கேக்கல. ரஸீனா மிஸ்தான் கேட்டாங்க."

ஆண்டியப்பன் தாடையைச் சொறிந்தார். "காப்போட மன்மதன முகாமுக்குத் தூக்கிட்டுப் போனா கூத்துக்கு ஆகாது. வானு வரட்டும். புள்ளக் காம்பராவுல வச்சுக்க. அஞ்சு பேர நீயே தேடிக்க."

புதன் காலை பத்து மணிக்கு வான் வந்தது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் ரஸீனா பதிவேட்டைத் திறந்தாள். உட்கார முழங்கால் உயரப் பெஞ்சுகள்தான் இருந்தன. முதல் பெயர் சுதாகரன். "பன்னெண்டு மணிக்கு அடுத்த எடத்துக்கு, பொல்பிட்டியவுக்குக் கெளம்பணும்" என்றாள் தயக்கத்தோடு.

பதினொரு மணி. லயத்து முனையில் நின்று எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. உள்ளே வந்தவர் இல்லை. தன்னோடு தூள் வாங்கியவர்கள் யார் யாரென்று சுதாகரனுக்குத் தெரியும். நேற்று வாசல் வாசலாகப் போய்க் கூப்பிட்டிருந்தான். கூப்பிடலாம், காட்டிக்கொடுக்க முடியுமா? அந்த வழியில் அவன் யோசிக்கவே இல்லையென்று சொல்வதற்கில்லை. யோசித்தான். வேண்டாமென்று உட்கார்ந்திருந்தான்.

அப்போது ஜெயகாந்தன் வந்தான். கூத்தில் ரதி வேசம் கட்டுபவன்; அதற்காக மீசையை வழித்திருந்தான்.

"என்னடி ரதி, புருசனத் தேடி வந்தியா?" என்று லயத்திலிருந்து ஒரு குரல்.

"ஆமாடா, ஒனக்கென்ன வயித்தெரிச்சல்!" என்றவன், குட்டிப் பெஞ்சில் சுதாகரனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி ரஸீனாவிடம், "எனக்கு ஐஸ் போதைப் பழக்கம் மிஸ். ஒரு வருசமா" என்றான்.

லயத்தில் எழுந்த சிரிப்புச் சத்தத்தின் மறைவிலேயே தொழிற்சாலைப் பையன்கள் இருவர் நுழைந்துவிட்டார்கள். நான்கு. மணி பதினொன்றே முக்கால். அதன் பிறகு வாசல் காலியாகவே கிடந்தது. ரஸீனா பேனாவை மூடினாள்.

கொழுந்து நிறுக்க மலையிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி விலகி வந்து, கூடையை வாசலில் இறக்கிவிட்டு, கறை படிந்த கையைச் சேலையில் துடைத்தபடி உள்ளே வந்தாள். ஆண்டியப்பனின் மனைவி அம்மாக்கண்ணு.

"எனக்குத் தூளு, ஐசு ஒண்ணும் தெரியாது மிஸ். இடுப்பு வலிக்கு டவுன்ல மாத்திர வாங்குறேன். மொதல்ல ஒண்ணு போட்டேன். இப்ப எட்டு இல்லாம மலையேற முடியல. விட்டுப் பாத்தா கை நடுங்குது. இது கணக்குல வருமா?"

"வரும்மா. கட்டாயம் வரும்" என்று ரஸீனா பேனாவைத் திறந்தாள்.

வாசலில் ஆண்டியப்பன் நின்றிருந்தார். "எட்டா?"

"ஒங்களுக்கு ரொட்டி சுட்டு வச்சுட்டு நாலு, மத்தியானம் நாலு. என்னைக்காச்சும் கேட்டீங்களா?"

அவர் திரும்பிப் போனார். போனவர் கோயிலிலிருந்து கைப்பிடி வைத்த நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். தலைவர் தவிர வேறு யாரும் உட்காராத நாற்காலி அது. அதைப் பெஞ்சுகளுக்கு நடுவில் போட்டார். "இதுல உக்காரு. இடுப்பு வலியோட அந்தக் குட்டி பெஞ்சுலயா உக்காருவ?"

பிறகு லயத்தைப் பார்த்துக் கத்தினார். "எம் பொண்டாட்டியே வந்துட்டா! ஒங்களுக்கு என்னடா வெக்கம்? வாங்கடா!"

வான் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பவில்லை. இரண்டு மணிக்குக் கிளம்பியபோது பதிவேட்டில் பதின்மூன்று பெயர்கள் இருந்தன. இத்தனை பேர் இருந்தால் மாதத்துக்கு இரண்டு புதன் வான் வருமென்று, ரஸீனா தொலைபேசியில் கேட்டதும் மேலிடத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன், சோதனையும் பேச்சும் முடிந்து சுதாகரன் பன்னிரண்டாவது கையெழுத்தைப் போடும்போது காப்புக்கயிறு காகிதத்தில் உரசியது. ரஸீனா அறிக்கையை மடித்து, "வெள்ளிக்கிழமை நீதவான் கைக்குப் போயிரும். ஒங்களுக்கு முகாம் இல்ல சுதாகரன்" என்றாள்.

வீட்டுக்கு ஓடியவன் சிவப்புப் பேனாவால் பன்னிரண்டாவது வட்டத்தைப் போட்டான். போட்டுவிட்டு, வான் மறுபடி வரும் புதனையும் சுற்றினான்.

"அதான் முடிஞ்சிருச்சேங்க" என்றாள் பிரேமினி.

"அது நீதவான் சொன்னது. இது நான் போறது."

திடலில் தப்பு அதிரத் தொடங்கியிருந்தது. "மன்மதன் எங்கடா?" என்று ஆண்டியப்பனின் குரல் லயத்தைத் தாண்டி வந்தது.

"இந்தா வாறேன் தலைவரே!"