142857 எழுதிய பரீட்சை

நீடாமங்கலம் கடைத்தெருவுக்கும் அதற்கு அப்பால் வசிக்கும் மனித குலத்துக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: உரக்கடை பஞ்சநதத்தின் மகன் பிரபுவுக்கு, பிளஸ் டூ பரீட்சை எழுதுவதற்காக, அரசாங்கம் 142857 என்ற எண்ணை வழங்கியிருக்கிறது. அது சாதாரண எண் அல்ல.

உலகமயம் நீடாமங்கலம் வரைக்கும் வந்துவிட்டு, ரயில்வே கேட் திறப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பையனை இன்ஜினீயராக்கி விமானம் ஏற்றிவிட வேண்டும் என்பது பஞ்சநதத்தின் திட்டம். குறுக்கே நின்றது பையனின் கணக்கு மார்க் ஒன்றுதான். ஹால் டிக்கெட் வந்ததும் அந்தக் கவலையும் தீர்ந்தது.

யூரியா கேட்டு வந்தவர்கள் முதலில் கால்குலேட்டரைப் பார்க்க வேண்டியிருந்தது.

"ரெண்டால பெருக்குறேன். 285714. மூணால? 428571. அதே ஆறு பேருதான், இடம் மாறி உக்காந்திருக்காங்க. நாலு, அஞ்சு, ஆறு எதால பெருக்கினாலும் வெளியாள் ஒருத்தன் உள்ள வர முடியாது!"

"எங்க சொந்தக்காரங்க பந்தி மாதிரி இருக்கேண்ணே," என்றார் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர் லியாகத் அலி. அந்தக் கால்குலேட்டரே அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. "ஏழால பெருக்குங்க, பாப்போம்."

999999.

லியாகத் அலி சிரித்தார். பஞ்சநதம் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா பாய், மார்க் எவ்வளவு வரும்னு அதுவே சொல்லிடுச்சு!" அதோடும் விடவில்லை. எண்ணை நடுவில் வெட்டிக் கூட்டினார்: 142-ம் 857-ம் 999. மூன்று துண்டாக வெட்டினார்: 14, 28, 57. கூட்டினால் 99. "எங்க வெட்டினாலும் ஒன்பதுதான் வடியுது!"

பொட்டாஷ் வாங்க வந்தவர் பொட்டாஷ் வாங்காமலே போனார்.

ரிசல்ட் அன்று கடை வாசலில் ஒரு தட்டு ஜாங்கிரியும் அதைச் சுற்றி ஒரு கூட்டமும் தயாராக இருந்தன. மாலைப் பேப்பர் வந்தது. பஞ்சநதம் சபை நடுவே நின்று விரலை ஓட்டினார். 142856 இருந்தது. அதற்கடுத்து 142858 இருந்தது.

விரல் திரும்பிப் போய் மறுபடி வந்தது. ஜாங்கிரிப் பக்கம் நீண்டிருந்த கைகள் மடங்கிக்கொண்டன.

"அச்சுக் கோத்தவன் தூங்கிட்டான்," என்றார் பஞ்சநதம். "இப்பேர்ப்பட்ட நம்பர் எப்படிங்க ஃபெயிலாகும்? கேஸ் போடுறேன்."

கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவி ஞானாம்பாள் வந்து பேப்பரைப் பிடுங்கினாள். "டேய் பிரபு, உன் ஹால் டிக்கெட்டை எடுத்தா."

பிரபு கொடுத்தான். அவள் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தாள். "ஏங்க, கடைசி ரெண்டும் ஏழு, அஞ்சு. அம்பத்தேழு இல்ல, எழுபத்தஞ்சு! கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்கன்னா கேட்டாத்தானே?"

பேப்பரில், சற்றுக் கீழே, 142875 தெளிவாக இருந்தது.

"ஏண்டா, மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினார் பஞ்சநதம்.

"மொத நாளே சொல்ல வந்தேம்பா. நீங்க மூணால பெருக்கிட்டு இருந்தீங்க."

லியாகத் அலி தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "அண்ணே, புள்ள பாஸு! வாயத் தெறங்க!"

பஞ்சநதம் வாயைத் திறக்கவில்லை. கால்குலேட்டரை எடுத்து 142875-ஐ இரண்டால் பெருக்கினார். 285750. மூன்றால் பெருக்கினார். 428625. யார் யாரோ உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பிரபு பாஸ். 142857 ஃபெயில்.