மூன்று டிகிரியில் ஒன்பது நாள்

மச்சான் அந்தப் பீப்பாயை வேனின் முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, ஆமை வேகத்தில் ஓட்டி வந்திருந்தான். பின்னால் வந்த வண்டிக்காரர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டித் தீர்த்ததை ஏதோ பரிசு வாங்கியதுபோலப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டான். இருபது லிட்டர் பிடிக்கும் எஃகுப் பீப்பாய். உள்ளே, அவன் முதன்முதலாகத் தன் பொறுப்பில் காய்ச்சிய பீர்.

பீர் காய்ச்ச ஒரு சின்ன ஆலையில் தொட்டி ஒன்றை வாடகைக்குக் கொடுத்தவர்கள், குளிர் அறையில் இடம் கொடுக்கவில்லை. அவன் தங்கியிருந்த மாடி அறையிலோ பால் பாக்கெட்டுக்கே இடம் போதாத ஒரு குட்டி ஃபிரிட்ஜ். ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை நாலு மணிக்கு, ஓட்டல்கார அம்மா ஒருத்தர் ருசி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பாட்டிலில் கொடுத்தால் வேண்டாம், குழாயிலிருந்து பிடித்துக் கொடுத்தால்தான் குடித்துப் பார்ப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவருக்குப் பிடித்துப்போனால் மாதாமாதம் பீப்பாய் போகும். பிடிக்கவில்லையென்றால் மச்சானுக்கு அடுத்த தொட்டியை வாடகைக்கு எடுக்க வழியில்லை. அதனால்தான் அக்கா வீட்டுக்கு வந்தான்.

அக்கா புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊரில் பாதி ஃபிரிட்ஜுகளின் வயிற்றுக்குள் கைவிட்டவன். யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைத் தூக்கிவந்து, தட்டுகளைக் கழற்றி, கதவில் ஓட்டை போட்டுக் குழாய் பொருத்திப் பின்னறையில் வைத்திருந்தான். சும்மா சும்மா கதவைத் திறந்தால் குளிர் வெளியே ஓடிவிடும் என்பதற்காக, குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகை உள்ளேயிருந்து பிடுங்கி வெளிப்பக்கத்தில் மாட்டியிருந்தான். இந்தப் புத்திசாலித்தனத்தைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பது அவன் வழக்கம். எரிவாயு மீட்டர் பார்க்க வந்தவருக்கும் விளக்கியாகிவிட்டது.

"மாமா, மூணு டிகிரி. அதுக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம்," என்றான் மச்சான். "இதை நான் வடிகட்டல, சூடு காட்டல. உயிரோட இருக்கு. வெப்பம் பட்டா புளிச்சிடும். ஆட்டக் கூடாது, படுக்க வைக்கக் கூடாது. நுரைக்கு வச்சிருக்கிற கேஸ் சிலிண்டர்ல மீட்டர் முள்ளு இந்தக் கோட்டுலயே நிக்கணும். குழாயை யாரும் தொடாதீங்க. காத்து உள்ள போச்சுன்னா ஒரே நாள்ல நனைஞ்ச அட்டைப்பெட்டி ருசி வந்துடும்."

"டேய், குளிரைப் பத்தி எனக்கே பாடமா?"

"உங்களுக்குக் குளிர் தெரியும் மாமா. பீர் தெரியாதே."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மச்சான் தன்னை நம்பி ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறான் என்பதில் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனான்.

இத்தனையும் நடக்கும்போது மாமனார் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு இருக்கிறவர். யார் யாரையோ போய்ப் பார்த்து, மகனுக்கு டிப்போவில் ஒரு குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தார். மகன் பதினோரு மாதத்தில் அதை உதறிவிட்டுப் பீர் காய்ச்சப் போனான். அன்றையிலிருந்து இரண்டு வருஷமாக அப்பனும் மகனும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எது வேண்டுமானாலும் நடுவில் மகள் வழியாகத்தான்.

"வேனைக் குறுக்க நிறுத்தியிருக்கான். எடுக்கச் சொல்லும்மா," என்றார் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே.

"அப்பா, அவன் இதோ உங்க எதிர்லதான் நிக்கிறான்."

"எடுக்குறேன்னு சொல்லுக்கா," என்றான் தம்பி.

அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க நோயாளிகளிடம் பேசிவிட்டு வந்து, வீட்டில் இவர்கள் இரண்டு பேருக்கும் தபால்காரி வேலை வேறு.

முதல் ஐந்து நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. எண் ஏற ஏறக் குளிரும் ஏறுகிற அந்தத் திருகு மூன்றாம் எண்ணில் நின்றது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் வெப்பமானியைப் போட்டுப் பீப்பாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தான் மெக்கானிக். காலையில் ஒரே ஒரு தடவை கதவைத் திறந்து பார்ப்பான். மூன்று டிகிரி. வெற்றியோடு மூடுவான்.

ஆறாம் நாள் அவனுடைய கருவிப்பையில் இருந்த வெப்பமானி வேலை செய்யவில்லை. ஐஸ்கிரீம் கடையில் அவசர வேலை. ஃபிரிட்ஜில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனான், அங்கேயே மறந்துவிட்டு வந்தான். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவன், காலையில் கதவைத் திறந்து பார்ப்பதையும் விட்டுவிட்டான். கையை வைத்தாலே டிகிரி சொல்கிறவனுக்கு வெப்பமானி எதற்கு? அன்றைக்கென்று வெயிலும் மண்டையைப் பிளந்தது. போகிற போக்கில் திருகை மூன்றிலிருந்து நாலுக்குத் திருப்பி வைத்தான். கதவைத் திறக்கக் கூடாது, வெளியில்தான் திருகு இருக்கிறதே, எவ்வளவு வசதி!

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தான். திறந்தவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பீப்பாயின் மேலெல்லாம் வெள்ளையாக உறைபனி. டம்ளர் தண்ணீர் கட்டியாகி, கண்ணாடி விரிசல் விட்டுக் கிடந்தது. குனிந்து திருகைப் பார்த்தான். அது ஏழில் நின்றது. ஏழுக்கு மேல் அதில் எண்ணே கிடையாது.

குழாயைத் திறந்து பார்த்தான். அது ஒரு தும்மல் தும்மிவிட்டுச் சும்மா இருந்தது.

ஐந்து நிமிஷம் கழித்து மனைவி பின்னறைக்கு வந்தபோது, அவன் அவளுடைய முடி காயவைக்கிற டிரையரைப் பீப்பாய்க்குக் காட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"மெதுவா பேசு. உறைஞ்சு போச்சு."

அவள் டிரையரின் பிளக்கைப் பிடுங்கினாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் ஒரு தடவைதான் திருப்புனேன்," என்றாள். "புதன்கிழமை. எங்க கடையில கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. இங்கயும் போயிருக்குமோன்னு ஒரே ஒரு எண்ணு கூட்டி வச்சேன். நாலுல இருந்து அஞ்சு."

"மூணுல இருந்து நாலுக்கு வச்சது நான்," என்றான் அவன்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்துக்குக் கணக்கு வந்துவிட்டது. மீதி இரண்டு?

"தம்பிக்கு போன் பண்றேன்," என்றாள் அவள்.

"பத்து நிமிஷம் பொறு. இளக்கிப் பார்க்கலாம். அவனுக்குத் தெரியவே வேண்டாம்."

"அவனுக்குக் குடிச்சா தெரியாதா?"

அவன் டிரையரைக் கீழே வைத்தான். அவமானத்தில் காது சுட்டது. மற்றவர்கள் ஃபிரிட்ஜைக் கெடுத்தால் ஓடிப்போய்ச் சரிசெய்து, நாலு வார்த்தை புத்தியும் சொல்லிவிட்டு வருகிறவன். இன்றைக்குத் தன் வீட்டில், தன் திருகால், ஒருத்தனுடைய பிழைப்பையே பனிக்கட்டியாக்கி வைத்திருக்கிறான்.

மச்சான் அரை மணி நேரத்தில் வந்தான். கத்துவான் என்று மெக்கானிக் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலாம். அவன் தரையில் உட்கார்ந்து, பீப்பாயை லேசாகச் சாய்த்து அதன்மேல் காதை வைத்தான். உள்ளே கட்டிகள் சளக் சளக்கென்று மோதின.

"பாதி உறையல," என்றான். "சூடு காட்டாதீங்க. வெளிய எடுத்து நிழல்ல வச்சிட்டுக் காத்திருக்கணும். முழுக்க இளகினதும் மெதுவா சாய்ச்சுச் சாய்ச்சுக் கலக்கணும், கேஸை மறுபடி ஏத்தணும். அதுக்கப்புறம்..."

"பழையபடி ஆயிடுமா?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியல. கலங்கலா வரும். ருசி எப்படி இருக்கும்னு குடிச்சாத்தான் தெரியும். அவங்களை வேற நாள் வரச் சொல்லலாம்னா, மறுபடி வருவாங்களான்னு தெரியாது."

பீப்பாயைத் தூக்கிப் பின்னறையின் நடுவில் வைத்தார்கள். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மின்விசிறி சுற்றியது. கால்மணிக்கு ஒருதரம் மச்சான் காதை வைத்துக் கேட்டான். உறைபனி உருகித் தரையில் ஓடியது, அக்கா துடைத்தாள், மறுபடி ஓடியது. யாருக்கும் சாப்பாடு நினைவு வரவில்லை.

"தப்பு என்னோடதுடா," என்றான் மெக்கானிக். "திருகை வெளிய கொண்டாந்து மாட்டினவன் நான். வெப்பமானியைத் தொலைச்சவனும் நான்."

"நீங்க நாலுல வச்சீங்க, அக்கா அஞ்சுல வச்சா. அதோட நின்னிருந்தா உறைஞ்சிருக்காது மாமா. ஏழுல வச்சது யாரு?"

நானேதான் என்று சொல்லிவிட மெக்கானிக் வாயைத் திறந்தான். ஏற்கெனவே கெட்ட பேர், இன்னும் இரண்டு எண் சேர்ந்தால் என்ன குறைந்துவிடும்? அதற்குள் கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமனார் கையில் செய்தித்தாளோடு பின்னறை வாசலில் வந்து நின்றார். மகளைப் பார்க்கவில்லை. நேராக மகனைப் பார்த்தார்.

"நான்தான்டா," என்றார்.

அக்காவின் கையிலிருந்த துணி தரையிலேயே நின்றது.

"வியாழக்கிழமை ஒண்ணு, நேத்து ஒண்ணு. ரெண்டு நாளும் நான்தான் திருப்புனேன்."

"ஏன்ப்பா?" என்றான் மகன்.

"வெயில் அப்படி அடிச்சுது. நீ வேற புளிச்சிடும் புளிச்சிடும்னு சொல்லிட்டுப் போனே, எல்லாம் காதுல விழுந்துச்சு. கெட்டுப்போயிட்டா என்ன பண்ணுவேன்னு எனக்கு உட்காரவும் முடியல, படுக்கவும் முடியல. கூடக் கொஞ்சம் குளிர் இருந்தா நல்லதுதானேன்னு நினைச்சேன்." செய்தித்தாளை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எனக்கு இதெல்லாம் என்னடா தெரியும்? பஸ்ஸைத் தவிர வேற என்ன தெரியும்?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து மெக்கானிக் பதறிப்போனான். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வந்ததும் உண்மைதான்.

"இந்த வீட்ல ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் திருப்பியிருக்கீங்க," என்றான். "உட்காருங்கப்பா. தரை ஈரம், அந்தப் பக்கமா உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நாலு பேராகக் காத்திருந்தார்கள்.

மூன்று மணிக்குக் கட்டிகளின் சத்தம் நின்றது. மச்சான் பீப்பாயைப் பிடித்து மெல்லச் சாய்த்து நிமிர்த்த, மெக்கானிக் சிலிண்டரைத் திறந்து முள்ளைக் கோட்டில் நிறுத்தினான். முதல் கிளாஸ் முழுக்க நுரை. கொட்டினார்கள். இரண்டாவதும் நுரைதான். மூன்றாவது கிளாஸில் பீர் வந்தது. மங்கலாக, உள்ளே பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது. மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். நல்லதா கெட்டதா என்று அந்த முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை.

ஓட்டல்கார அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "எங்க குழாய்?" என்றார். மச்சான் கிளாஸை நீட்டவில்லை.

"முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன் மேடம். இது நேத்து உறைஞ்சுபோச்சு. காலையிலிருந்து இளக வச்சுதான் குடுக்குறேன். நான் பண்ணின பீர் இப்படிக் கலங்கலா இருக்காது."

சொல்லியிருக்க வேண்டாமே என்று நினைத்தான் மெக்கானிக். அந்த அம்மா கிளாஸை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் நின்று இன்னொரு வாய். பிறகு யாரும் எதிர்பார்க்காதபடி கிளாஸ் முழுவதையும் குடித்து முடித்தார்.

"பார்க்க நல்லாயில்ல. கேஸும் கம்மி. இப்படி என் மேஜையில வைக்க முடியாது," என்றார்.

காலி கிளாஸை மறுபடி ஒருதரம் முகர்ந்து பார்த்தார்.

"ஆனா ருசி இருக்கு. இவ்வளவு பாடுபட்டும் இருக்குன்னா, ஒழுங்கா வச்சா எப்படி இருக்கும்னு குடிச்சுப் பார்க்கணும். இதே மாதிரி இன்னொரு பீப்பாய் பண்ணுங்க. தொட்டி வாடகையை நான் முன்பணமா தர்றேன். ஆனா பீப்பாய் நேரா என் குளிர் அறைக்கு வரணும், இந்த வீட்டுக்கு வேண்டாம்." மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்தார். "எப்பத் தருவீங்க?"

மச்சான் வாயடைத்து நின்றான். இரண்டு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்விக்கு, கேட்டதும் பதில் வரவில்லை.

"மூணு வாரத்துல தருவான்மா," என்றார் மாமனார் பின்னாலிருந்து. "சொன்ன நாள்ல தருவான். நான் பொறுப்பு."

மகன் சடாரென்று திரும்பினான். "அப்பா! நாலு வாரம் ஆகும். மூணு வாரத்துல எப்படிப்பா நொதிச்சுத் தெளியும்?"

"அப்ப நாலுன்னு வாயைத் திறந்து சொல்லேன்டா. மரம் மாதிரி நின்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொல்ல விட்டாத்தானே?"

"யாரு உன் வாயைப் பொத்தினா?"

ஓட்டல்கார அம்மா காலி கிளாஸோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மெக்கானிக் தன் மனைவி பக்கம் திரும்பினான். அவள் குறுக்கே போகவில்லை. ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று, அப்பாவும் தம்பியும் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.