மிச்ச முடி

முடியைச் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் கொதிக்க வைத்தால் கால் மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். பர்மிங்காமில் முடி பின்னி நகை செய்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். ஹெப்சிபாவுக்கும் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். தெரிந்து என்ன, அன்றைக்குப் பக்கத்து மேசைக்காரியோடு வாயாடிக்கொண்டே அடுப்பை மறந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது மிஸ்டர் ஓல்டர்ஷாவின் செம்பட்டை முடி தொட்டால் பொடிகிற வைக்கோலாகக் கிடந்தது.

காய்ச்சலில் செத்துப்போன மனிதரின் முடி அது. அவருடைய உடம்பில் பூமிக்கு மேல் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மார்பில் குத்திக்கொள்கிற புரூச்சில் வைத்துக் கொடுங்கள் என்று மனைவி கொண்டுவந்து கொடுத்திருந்தாள். ராணியே இறந்துபோன கணவருக்காகக் கறுப்பு உடுத்திக்கொண்டிருந்த காலம்; ஊரில் பாதிப் பெண்களின் மார்பில் இப்படி ஒரு நகை இருந்தது.

வேறு யார் முடியையாவது பின்னித் தள்ளிவிடுவது அந்தத் தெருவில் புதிய சங்கதி இல்லை. ஆனால் கடைக்கு விலைக்கு வருகிற முடிக் கட்டுகளில் அந்த நிறம் இல்லை. எல்லாவற்றையும் கலைத்துப் பார்த்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்து அந்த நிறம் இன்னும் ஒரே ஒரு தலையில்தான் இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ள இருந்த ஆம்ப்ரோஸின் தலையில். நியூசிலாந்துக்குக் கப்பலேறும் முன் அவன் வெட்டிக் கொடுத்த முடி அவளுடைய வேலைப் பெட்டியில் இருந்தது. அந்தக் கப்பல் போய்ச் சேரவே இல்லை.

அந்த முடியில் பாதி போதும், பாதி நமக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டு பின்னினாள்.

சனிக்கிழமை மிஸஸ் ஓல்டர்ஷா வந்தாள். புரூச்சை வாங்கி உதட்டில் ஒற்றிக்கொண்டாள்.

"அவரேதான்! நெத்தியில விழுமே, அதே முடி. வேற ஆள் முடிய மாத்தி வெச்சிடுவாங்கன்னு எங்கக்கா பயமுறுத்திட்டே இருந்தா. அவ கிடக்கா."

ஹெப்சிபாவின் ஆம்ப்ரோஸை வேறொருத்தி அவள் கண்ணெதிரே முத்தமிடுகிறாள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

"மிச்ச முடி எங்கம்மா?"

மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பது அந்தத் தொழிலின் வழக்கம்.

"மிச்சமாங்கம்மா..."

"கட்டைவிரல் தடிமன் குடுத்தேனே. மீதிய நீ தின்னுட்டியா?" அவள் சிரிப்பு சட்டென்று நின்றது. "ஏம்மா, இது அவரோடதுதானே?"

உண்மையைச் சொன்னால் வேலை போகும். போகட்டும், ஆம்ப்ரோஸ் திரும்பக் கிடைப்பான். ஆனால் எதிரே நின்றவள் இரண்டு கையாலும் அந்தப் புரூச்சை நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி எதற்கு என்று ஹெப்சிபாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அவரோடதுதாம்மா. மறந்தே போயிட்டேன், இருங்க."

பெட்டியைத் திறந்து ஆம்ப்ரோஸின் மீதி முடி இருந்த பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தாள். ஓர் இழையைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. ஓர் இழையில் கை வைத்தால் முழுசையும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

மிஸஸ் ஓல்டர்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதம்மா. ஆள் இல்லாமப் போனா புத்தி இப்படித்தான் ஆகுது. உனக்கு யாராச்சும் இருக்காங்களா?"

அந்தக் கேள்விக்கு ஏழு வருஷமாக ஹெப்சிபா ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தாள்: "இருக்காரு, கப்பல்ல போயிருக்காரு."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக, "இல்லம்மா" என்றாள்.